இரண்டாம் கால்

சங்குமேட்டில் விளக்கு வருவதற்கு முன்பே
விளக்கை எதிர்த்து மனு வந்துவிட்டது.
பாதி தெலுங்கு, பாதி தமிழ்,
அடியில் முப்பத்தொரு கைநாட்டு,
ஒரே ஒரு கையெழுத்து: மரவாடி சேகு இஸ்மாயில் லெப்பை.
"வாடைக்காற்று மாதங்களில் தரைதட்டும் கப்பல்களால்
இவ்வூர்க் கூரைகள் நிற்கின்றன.
சர்க்கார் தயவுசெய்து
இருட்டை விட்டுவைக்கவும்."

பதில் வரவில்லை.
மச்சிலிப்பட்டணத்திலிருந்து தச்சன் வந்தான்,
வீரபத்ராச்சாரி.
மரம் எங்கே என்றான்.
இந்த உப்புமண்ணில் மரத்துக்கு ஒரே வழிதான்,
காத்திருக்க வேண்டும்.

ஐப்பசி கடைசியில்
மோல்மீன் கப்பலொன்று மணல்திட்டில் ஏறி
முதுகு முறிந்து கிடந்தது.
அதன் பாய்மரங்கள் மூன்றும் மூன்று கால்களாயின.
நாலாவதை லெப்பையே விற்றார்,
இரட்டை விலைக்கு.
மேலறைக்குக் கப்பித்தானின் கதவு.
சாவி அவரோடு போய்விட்டதால்
அந்தக் கதவை யாரும் ஒருநாளும் பூட்டவில்லை.

படகுச் சங்கத்தில் ஐஸ் கணக்கு எழுதுகிறவள் நான்.
சங்கத்து பீரோவின் கீழ்த்தட்டில்,
கரையான் பாதி தின்ற ரசீதுகளுக்கு அடியில்,
விளக்கின் எண்ணெய்ப் பேரேடு கிடைத்தது.
கணக்கை நம்பாமல் படிப்பது என் தொழில்.

தினம் இரண்டு படி தேங்காயெண்ணெய்.
அதில் கால்படி
விளக்குக்காரன் துரைக்கண்ணு வீட்டு வாணலிக்குப் போயிருக்கிறது.
பேரேட்டில் அது இல்லை,
சுடருக்கான திரியின் அளவில் இருக்கிறது.
வறுத்த மடவை வாசம் கரையில் வீசிய ராத்திரிகளில்
வெளிச்சம் இரண்டு பாகம் குறைந்திருக்கும்.

இருபத்திரண்டு வருஷம் எந்தக் கப்பலும் உடையவில்லை.
நல்ல விளக்கு.
ஓலைக்கூரைகளில் புது உத்திரம் ஏறவில்லை,
லெப்பை வாடியைப் பூட்டிக்கொண்டு நெல்லூர் போனார்,
விளக்கின் இரண்டாம் கால் அடியிலிருந்து இற்றது.
பனந்துண்டு முட்டுக்கொடுத்தார்கள்.
கயிறு கட்டினார்கள்.
காற்றடித்தால் மேலறை
பல் ஆடுவது போல் ஆடும்.
மேலதிகாரி கேட்டு எழுதினார்:
உள்ளூரில் மரம் உண்டா?
துரைக்கண்ணு எழுதிய பதிலின் நகல் இருக்கிறது:
"உடைந்த கப்பல் ஏதும் இல்லை."

பிறகு அந்தக் கார்த்திகை அமாவாசை.
எண்ணெய்: இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு சொல்லும் இல்லை,
பேனா வைத்து எடுத்த புள்ளி மட்டும்.
மறுநாளிலிருந்து மீண்டும் இரண்டு படி, இரண்டு படி.
பத்தாம் நாள், அதே கையெழுத்து, கொஞ்சமும் கோணாமல்:
"இரண்டாம் கால் மாற்றப்பட்டது. தேக்கு. செலவு இல்லை."

கப்பலின் பெயரைத் தேடினேன்.
ஆட்கள் எத்தனை பேர் என்று தேடினேன்.
அந்த வருஷம் ஊரில் எத்தனை கூரை மாற்றினார்கள் என்பதற்கு
வரி ரசீது இருக்கிறது. பதினேழு.

அதன்பின் விளக்கு ஒன்பது வருஷம் நின்றது.
புயல் அதை எடுத்துப்போன இரவில்
மூன்று கால் முறிந்தது,
இரண்டாம் கால் மட்டும் விடியும்வரை நின்றதாம்.
இதைச் சொன்னவர்கள் யாரும் பார்த்தவர்கள் அல்ல.

மாநிலம் பிரிந்தபோது
சங்கிலியோடு வந்தார்கள் சர்வேக்காரர்கள்.
பழைய வரைபடத்தில் எல்லைக்கு அடையாளம் விளக்கு,
தரையில் நான்கு குழிகள்.
மூன்று நாள் வாக்குவாதம்,
நடுவே தடாவிலிருந்து பிரியாணி.
முடிவில் கோடு குழிகளுக்கு ஊடே போனது,
இரண்டு அவர்களுக்கு, இரண்டு நமக்கு.

போன வாரம் வரைபடத்தின் பிரதி வாங்கினேன்,
முப்பது ரூபாய்.
குழிகளுக்கு எண் போடவில்லை.

அங்கே போய் நின்றேன்.
ஒன்றில் நண்டு, ஒன்றில் பீர் பாட்டில்,
ஒன்றை மணல் மூடிவிட்டது.
நாலாவதில் கையை விட்டேன்.
முழங்கைவரை ஈரம்,
விரல்நுனியில் ஏதோ வழவழப்பு.
கல்லா மரமா தெரியவில்லை.

பெரியப்பா வீட்டு உத்திரத்தில்
கப்பல் ஆணியின் துளைகள் உண்டு.
குழந்தையாக அதன் கீழே தொட்டிலில் கிடந்து
எண்ணியிருக்கிறேனாம்.
கையை உதறிக்கொண்டு
வீட்டுக்கு வந்தேன்.